இருந்தது, அழிக்கப்பட்டது

உலகத்தில் மொத்தமே இரண்டு ஊர்களில்தான் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு பூச்சி இனத்தைத் தான் பூண்டோடு அழித்துவிட்ட செய்தி, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு டில்லிபாபுவுக்குத் தெரியவந்தது.

அப்போது அவன் கொசு மருந்து ஆபீஸ் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருடமாகத் தினக்கூலியில் மருந்தடிக்கிறான். அந்த ஒன்பது வருடத்தில் அவன் கொசுவை அழித்துவிட்டதாக யாரும் அவன்மேல் பழி சொன்னதில்லை. கொசுக்களும் சொன்னதில்லை.

"டில்லி! பம்பை வச்சிட்டு உள்ள வா," என்று கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர் கருணாகரன்.

உள்ளே மோகனப்ரியா உட்கார்ந்திருந்தாள். யூனிவர்சிட்டியில் பூச்சி ஆராய்ச்சி செய்கிற பெண். பின்னால் அவளுடைய உதவியாளர் ரஹீம், நீளக் குச்சியில் கட்டிய வலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். வாய் என்பது வெற்றிலை போடுவதற்கு மட்டும் என்று நினைத்திருந்த மனிதர்.

மேஜைமேல் மஞ்சள் கார்டுகள் ஒரு கட்டு. 

"இந்த நாப்பத்திரெண்டு கார்டும் நீங்க எழுதினதா?" என்று கேட்டாள் மோகனப்ரியா.

"ஆமா மேடம்."

"நாப்பத்திரெண்டு இடத்துலயும் பூச்சி இருந்துதா?"

"இருந்துச்சி மேடம்."

அவள் முதல் கார்டை எடுத்துப் படித்தாள். "இருந்தது. மருந்து அடித்து அழிக்கப்பட்டது." இரண்டாவது கார்டு. "இருந்தது. மருந்து அடித்து அழிக்கப்பட்டது." பதினேழாவது கார்டுக்கு வரும்போது அவள் குரல் உடைந்தது. "எல்லாத்தையுமா அழிச்சீங்க?"

டில்லிபாபு கருணாகரனைப் பார்த்தான். கருணாகரன் காலண்டரைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். மோகனப்ரியா தேடுகிற பூச்சிக்கு வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயர் உண்டு. தமிழில் யாரும் பெயர் வைக்கவில்லை. பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது. கால்கள் மட்டும் ஒட்டடைக் குச்சி மாதிரி நீளம். தொட்டால் கழன்று கையோடு வந்துவிடும். காலில் வெள்ளை வெள்ளையாக வளையம். வெள்ளைக்காரன் காலத்தில் எண்ணூரில் ஒன்று பிடித்தார்கள். பிறகு காட்டுப்பள்ளியில் ஒன்று. அவ்வளவுதான். வரைபடத்தில் இரண்டே புள்ளிகள். அந்தப் பூச்சி வேறு எங்கெங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கேட்டவர்களும் இல்லை.

மோகனப்ரியா கேட்டாள். வீட்டுப் பின்கட்டு வரைக்கும் போகிற உரிமை கொசு மருந்துக்காரர்களுக்குத்தான் உண்டு என்பதால், ஆபீசில் ஆள் கேட்டு வாங்கினாள். அது இரண்டாயிரத்து ஆறாம் வருடம். சிக்குன்குனியா வந்து ஊரே நொண்டிக்கொண்டிருந்த சமயம். மற்ற மூன்று பேர் மூட்டு வலி என்று லீவில் போய்விட, நேராக நடக்கக்கூடியவனாக டில்லிபாபு ஒருவன்தான் மிஞ்சினான். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை நாற்பத்திரண்டு இடம். ஒவ்வொரு கார்டிலும் பூச்சியின் படம். படத்தின் கீழே, பூச்சியின் உண்மையான நீளத்தைக் காட்ட ஒரு கோடு. அதை அடிக்கோடு என்று டில்லிபாபு நினைத்துக்கொண்டான்.

போன மாதம் மூன்று நாள் மழை கொட்டியது. மூன்று நாளும் அவன் தேரடி டீக்கடையில் உட்கார்ந்து நாற்பத்தொரு கார்டுகளை எழுதி முடித்தான்.

'இல்லை' என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கொசு மருந்து ஆபீசில் எழுதப் பழகியவன் 'இல்லை' என்று எழுதமாட்டான். 'கொசுப்புழு இல்லை' என்று எழுதினால், 'நல்லாப் பாத்தியா?' என்று திருப்பி அனுப்புவார்கள். 'புழு இருந்தது' என்று மட்டும் எழுதினால், 'அப்ப ஏன் சும்மா வந்தே?' என்பார்கள். 'இருந்தது, அழிக்கப்பட்டது' என்று எழுதினால்தான் காகிதம் சத்தமில்லாமல் ஃபைலுக்குள் போய்ப் படுக்கும். ஒன்பது வருடப் பழக்கம். கை தானாக எழுதிவிட்டது.

இப்போது டில்லிபாபுவுக்கு இரண்டே வழி. போகவில்லை என்றால் பொய்யன். போனேன் என்றால் கொலைகாரன். எந்த வழியில் போனாலும் முடிகிற இடம் ஒன்றுதான்: வருகிற திங்கட்கிழமை ஒட்டப்போகும் பெர்மனென்ட் லிஸ்டில் அவன் பெயர் இருக்காது.

"லேசாத்தான் அடிச்சேன் மேடம்," என்றான்.

"லேசான்னா?"

"டேங்க்ல மருந்து அடியிலதான் கெடந்துச்சி. மயங்கி வுழுந்திருக்கும். செத்திருக்காது."

மோகனப்ரியாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து டில்லிபாபுவுக்கும் மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த வாக்கியத்தில் நின்றது.

"அப்ப திரும்பி வந்திருக்கும்! நாளையிலேர்ந்து நானும் ரஹீமும் நாப்பத்திரெண்டு இடத்துக்கும் நேர்லயே போறோம். திங்கட்கிழமை இங்க வந்து சொல்றேன் சார்."

அவர்கள் போனபிறகு டில்லிபாபு மேஜையோரம் நின்று தலையைச் சொறிந்தான். "சார், என் வேலைக்கு ஒண்ணும்..."

"பாக்கலாம்," என்றார் கருணாகரன்.

"லிஸ்டுல எம் பேரு கீதுல்ல சார்?"

"பாக்கலாம்பா."

கருணாகரன் 'பாக்கலாம்' என்று சொன்ன எதையும் இதுவரை பார்த்ததில்லை.

*

டில்லிபாபுவின் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். வாசலை ஒட்டி ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். லாரித் தண்ணீர் பிடித்து வைப்பது. அதன் மூடி மாடிப்படியில் வெயிலில் கிடந்தது. அகலமான, விளிம்பு வைத்த நல்ல மூடி. கருவாடு காயவைக்க அதைவிடத் தோதான தட்டு கிடையாது என்பது அவன் மனைவி கன்னியம்மாவின் முடிவு.

"போவாமயேவா எழுதிக் குடுத்தே?" என்று கேட்டாள் கன்னியம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மெல்ல மடக்கி உட்கார்ந்தாள்.

"நாப்பத்தியொண்ணுதான் போவாம எழுதினேன். மொத கார்டு சத்தியமா பாத்து எழுதினது."

"எங்க பாத்தே?"

"இங்கதான். நம்ம வூட்ல. அன்னிக்கி சாயங்காலம் கரண்ட் போச்சில்ல? மெழுவத்தி ஏத்தினோமே. அந்தச் செவுத்துல இம்மாம் நீளம் காலு." அவன் ஒரு சாண் விரித்துக் காட்டினான். "கிட்டப் போயி பாத்தேன். கால்ல வெள்ள வளையம். படத்துல இருக்கற மாதிரியே. கார்டை எடுத்து ஒடனே எழுதிட்டேன். நம்ம வூட்லயே கீதுன்னா மத்த வூட்லயும் இருக்காதா? அந்த நம்பிக்கைலதான் மீதிய எழுதினேன்."

"அப்ப அந்த ஒண்ணயே புடிச்சிக் குடு. சாட்சிக்கு ஆச்சி."

இரண்டு பேரும் தேடினார்கள். கன்னியம்மாவால் கட்டிலுக்கடியில் குனிய முடியவில்லை.

"ஞாயித்துக்கெழமையிலேர்ந்து காலை நீட்டி மடக்க முடியலய்யா. வெரலு கூட மடங்கல."

"தண்ணி தூக்கறே இல்ல? அதான். நாளைக்கி நான் ரொப்பறேன்."

"ஒன்பது வருசமா இதான் சொல்றே."

பூச்சி கிடைக்கவில்லை. அன்று ராத்திரி டில்லிபாபுவுக்குத் தூக்கமும் கிடைக்கவில்லை. காதோரம் ஒன்றிரண்டு கொசு பாடிக்கொண்டே இருந்தது. அவன் கையை வீசி விரட்டியபடி பூச்சியைப் பற்றி யோசித்தான்.

*

விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. அந்த மேடம் திருவொற்றியூரிலிருந்து வடக்கே வருவாள். நாம் எண்ணூரிலிருந்து தெற்கே வந்தால் அவளுக்கு முன்னால் பாதி இடத்துக்காவது உண்மையிலேயே போனவனாகிவிடலாம். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். மருந்துக்காரன் வந்துபோனதற்கு அதில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். போன மாதத் தேதியைப் போட்டுவிட்டால் அதுவே சாட்சி.

கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே சைக்கிளை நுழைத்து நுழைத்து, முகமெல்லாம் கரித்தூளோடு தாழங்குப்பம் போய்ச் சேர்ந்தான். முதல் வீடு பவுனம்மாள் வீடு. மீன் விற்கிற அம்மாள். கடலில் ஐந்து மைல் தள்ளி இருக்கிற தம்பியை விசில் இல்லாமல் கூப்பிடக்கூடிய தொண்டை.

அவன் கதவைத் தள்ளி அட்டையில் எழுத ஆரம்பித்தபோது அந்தத் தொண்டை பின்னால் கேட்டது.

"இன்னா நைனா, போன மாசத்துத் தேதி போடறே?"

"அது... அன்னிக்கி வந்தேன். நீ வூட்ல இல்ல."

"வூட்ல நான் இல்லேன்னா பூட்டு தொங்கும். பூட்டை ஒடைச்சிகினா வந்தே? ஏ எல்சி! இங்க வா! மருந்துக்காரன் கதவாண்ட இன்னாவோ எழுதறான், பாரு!"

பக்கத்து வீட்டு எல்சி வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. டில்லிபாபுவுக்கு வியர்த்தது. பேச்சை மாற்றவேண்டும். பையிலிருந்து மஞ்சள் கார்டை எடுத்து நீட்டினான்.

"அத வுடு ஆத்தா. இந்தப் பூச்சிய நீ பாத்துக்கிறியா? அதுக்குத்தான் வந்தேன். கெவுருமென்ட் தேடுது."

பவுனம்மாள் படத்தைக் கையில் வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே வைத்தாள். தூரத்தில் வைத்தாள்.

"ஐயோ! இம்மாம் பெரிய கொசுவா!"

"கொசு இல்ல ஆத்தா..."

"சின்னக் கொசு கடிச்சே எங்க வூட்டுக்காரரு ஒரு மாசம் தவழ்ந்துகினு கீறாரு. இது கடிச்சா? எல்சி, புள்ளைங்கள உள்ள அனுப்பு!"

கார்டு கைமாறிக் கைமாறி நான்காவது தெருவுக்குப் போவதற்குள் கொசு காக்கா அளவுக்கு வளர்ந்துவிட்டது. வேப்பிலைப் புகை போட்டார்கள். ஒரு வீட்டில் பழைய டயரைக் கொளுத்தினார்கள். சுவரில் அசைந்ததெல்லாம் விளக்குமாற்றால் அடிபட்டது. அந்தப் பூச்சி உலகத்தில் எங்கேயாவது மிச்சமிருந்திருந்தால், அதுவும் தாழங்குப்பத்தில் இருந்திருந்தால், இன்றைக்கு அதற்குக் கடைசி நாள் என்று டில்லிபாபு நினைத்தான்.

கிடைத்த சந்தில் ஓடி, கழிமுகத்துச் சேற்றோரம் சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கினான். அப்போது அவன் தோள்மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. நீண்ட கால்களோடு, விரலளவுக்கு ஒரு பூச்சி. வெள்ளை வளையம் கூட இருந்தது. டில்லிபாபு அதை உற்றுப் பார்த்தான். வீட்டில் பார்த்தது கையில் வைத்தால் மிளகு அளவு. நிழல்தான் சாண் நீளம். இது எங்கே, அது எங்கே. "தூ, வேற நேரமில்ல ஒனக்கு," என்று தட்டிவிட்டான். ஒரு கால் மட்டும் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அதையும் ஊதிவிட்டுத் திரும்பினான்.

*

வியாழக்கிழமை காலை ஆபீஸ் வாசலில் எண்ணூரிலிருந்து ஒரு மனு வந்து காத்திருந்தது. 'ராட்சசக் கொசுவை ஒழிக்க உடனே புகை அடிக்க வேண்டும்.' அறுபது கையெழுத்து, நாற்பது கைநாட்டு.

கருணாகரன் மனுவை விசிறி மாதிரி வீசிக்கொண்டு கேட்டார். "நீ அங்க என்னடா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல சார். படத்தைக் காட்டினேன்."

"நாளைக்குக் காலைல கொசுப்புகை வண்டி போகுது. தாழங்குப்பத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஒரு சந்து விடாம. நீதான் மெஷின்ல நிக்கணும். உன் ஏரியா."

டில்லிபாபுவுக்குக் கண் இருட்டியது. காகிதத்தில் ஒருமுறை அழித்ததே இந்தப் பாடு. இப்போது நிஜமாகவே அழிக்கச் சொல்கிறார்கள். அதுவும் அந்த மேடம் தேடிக்கொண்டு வரும் நேரத்தில், அவள் கண்ணெதிரில், தன் கையால்.

"சார், நான் மெஷின்ல நின்னா லிஸ்டுல..."

"பாக்கலாம்."

அன்று மத்தியானமே மறுபடி தாழங்குப்பத்துக்கு ஓடினான். பவுனம்மாள் வாசலில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, நேத்து நான் சரியா சொல்லாம வுட்டுட்டேன். அது கொசு இல்ல."

"அப்ப இன்னா அது?"

டில்லிபாபு யோசித்தான். வாய் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. "அது கொசுவத் துன்ற பூச்சி. ஒரு பூச்சி ஒரு நாளைக்கி நூறு கொசு துன்னும். அதான் கெவுருமென்ட் தேடுது."

பவுனம்மாள் நண்டைக் கீழே வைத்தாள். "நூறா?"

"கொறைச்சி சொல்றேன்."

"நேத்து அத்தப் போயி வெளக்குமாத்தால அடிச்சமே! ஏ எல்சீ!"

வெள்ளிக்கிழமை காலை கொசுப்புகை வண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் திரும்பியபோது, குறுக்கே நூறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பவுனம்மாள்.

"எங்க பூச்சிய சாவடிக்க வுட மாட்டோம்!"

மறியல் நடக்கிறது என்பதை முதல் ஒரு மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சாலையில் லாரிகள் எப்போதும் அப்படித்தான் நிற்கும். ஏழெட்டு டிரைவர்கள் அடுப்பு மூட்டிச் சோறு வைத்துவிட்டார்கள். இரண்டாவது மணி நேரத்தில் போலீஸ் வந்தது. மூன்றாவதில், மனு கொடுத்த ஆண்கள் எதிர்ப்பக்கம் வந்து நின்று, புகை அடித்தே ஆகவேண்டும் என்று சத்தம் போட்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் அன்றைக்கு நெடுஞ்சாலையில் வைத்து நடந்தது.

டில்லிபாபு மெஷினுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். பவுனம்மாள் அவனைப் பார்த்துவிட்டாள்.

"தோ, இவன்தான்! நேத்து நூறு கொசு துன்னும்னு சொன்னவன், இன்னிக்கி அதையே கொல்ல வந்துகீறான்! இன்னா மனுசன்யா நீ?"

அன்றைக்குப் புகை அடிக்காமலேயே வண்டி ஆபீசுக்குத் திரும்பியது.

*

சனிக்கிழமை சாயங்காலம், தேரடி டீக்கடையில் மோகனப்ரியா அவனைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெயிலில் கறுத்து, செருப்பெல்லாம் சேறு. ரஹீம் வலையைச் சுவரில் சாய்த்துவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். டில்லிபாபு நாற்பத்தொரு கார்டு எழுதிய அதே பெஞ்சு.

"உக்காருங்கண்ணா. டீ சாப்பிடுங்க," என்றாள்.

"பூச்சி கெடைச்சிதா மேடம்?"

"திங்கட்கிழமை சார்கிட்ட எல்லாத்தையும் சேத்து சொல்றேனே. அண்ணா, ஒண்ணு சொல்லணும். அஞ்சு வருஷமா இந்தப் பூச்சியச் சுத்திகிட்டு இருக்கேன். எங்க வீட்ல எங்கம்மா கூட, 'ஈயப் போயி படிக்கிறியே'ன்னு சிரிப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் அந்த மழையில வீடு வீடாப் போனீங்க." அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இது என் ஆராய்ச்சிப் புத்தகத்துல முதல் பக்கம்."

டைப் அடித்திருந்தது. 'அடைமழையிலும் அயராது உழைத்த திரு. டில்லிபாபு அவர்களுக்கு என் முதல் நன்றி.'

டில்லிபாபு அதை இரண்டு தடவை படித்தான். அவன் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டு இதுவரை வந்த ஒரே காகிதம் கரண்ட் பில். அடைமழையில் தான் அயராமல் சாப்பிட்ட பன்னீர் பிஸ்கட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. டீ இறங்கவில்லை. பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். ரஹீம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வெற்றிலைச் சாற்றைத் துப்பப் போய்விட்டார்.

வீட்டில் கன்னியம்மா கட்டிலில் படுத்திருந்தாள். அவள் விளக்கேற்றும் நேரத்தில் படுக்கிறவள் இல்லை.

"இன்னிக்கி மத்தியானம் அந்த மேடமும் ஒரு பாயும் வந்தாங்க."

டில்லிபாபு அப்படியே நின்றான். "இங்கயா? இன்னா கேட்டாங்க? நான் அன்னிக்கி வூட்லதான் இருந்தேன்னு சொல்லிட்டியா?"

"அதெல்லாம் கேக்கல. அந்தப் பாயி டிரம்மை எட்டிப் பாத்தாரு. மூடி எங்கன்னு கேட்டாரு. கருவாடு காயுதுன்னேன்."

"அப்புறம்?"

"எத்தினி நாளா காலு வலின்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறம் ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி மொண்டுகினு போனாரு."

"குடிக்கறதுக்கா?"

"இருக்கும். வெயிலு."

டில்லிபாபுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விசாரணை நடக்கிறது. பொண்டாட்டிக்கு என்ன வியாதி, வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் துருவுகிறார்கள். அந்த நன்றித் தாளைக் காட்டியது அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான். ஆனாலும் அந்தப் பெண்ணின் சேறு படிந்த செருப்பு கண்ணைவிட்டுப் போகவில்லை. இல்லாத நாற்பத்தொரு புள்ளியை நம்பி அஞ்சு வருஷப் படிப்பைக் கட்டப் போகிறாள். நாளைக்கு யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து, 'எங்கேம்மா பூச்சி?' என்று கேட்டால் அவள் எங்கே போய் நிற்பாள்?

வேலை போனால் மறுபடி ஒரு வேலை. ராயபுரத்தில் ஐஸ் உடைக்கப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதையே தனக்குச் சொல்லிப் பார்த்தான். ஒருமுறைகூட நம்பவில்லை.

*

திங்கட்கிழமை. ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் இன்னும் ஒட்டவில்லை. கருணாகரன் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் மோகனப்ரியாவின் வரைபடம், சுருட்டிய நிலையில். ரஹீம் மூலையில் நின்றார். கையில் அந்தச் சின்ன பாட்டில்.

மோகனப்ரியா வரைபடத்தைப் பிரிக்கப் போனாள்.

"பிரிக்காதீங்க மேடம்," என்றான் டில்லிபாபு.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் எங்கயும் போவல. மழை பெய்ஞ்சிது. டீக்கடையில குந்திகினு எழுதினேன். நாப்பத்தியொண்ணும் பொய்யி. அடிக்கவும் இல்ல, அழிக்கவும் இல்ல. எங்க வூட்ல ஒண்ணு பாத்தேன், அது மட்டும் எங்கம்மா மேல சத்தியம். அந்தப் பேப்பர்ல எம் பேரை அடிச்சிடுங்க மேடம். நீங்க நல்லாப் படிக்கணும்." 

"அடப்பாவி!" என்று எழுந்தார் கருணாகரன். ஒன்பது வருடத்தில் அவர் 'பாக்கலாம்' சொல்லாத முதல் சந்தர்ப்பம். "மெமோ புக்கை எடு! எல்லாம் பொய்யா?"

மோகனப்ரியா வரைபடத்தைப் பிரித்து, நாலு மூலையிலும் கையில் கிடைத்ததை வைத்து அழுத்தினாள். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் முழுக்கச் சிவப்புப் புள்ளி, மணத்தக்காளி பழுத்த மாதிரி.

"நாப்பத்தியோரு இடத்துல இருக்கு சார்," என்றாள். "சாக்கடை ஓரம், கழிமுகம், குழாயடிச் சேறு, எங்கெல்லாம் மண்ணு ஈரமா இருக்கோ அங்கெல்லாம். ரெண்டு ஊர்லதான் இருக்குன்னு நாங்க நெனச்சிகிட்டிருந்தோம். ரெண்டு ஊர்லதான் யாரோ குனிஞ்சு பாத்திருக்காங்க, அவ்ளோதான். தாழங்குப்பத்துல பவுனம்மாள்னு ஒருத்தங்க, ஒரு பாட்டில் நிறைய உயிரோட புடிச்சு வச்சு, தினம் கொசு போட்டுகிட்டு இருக்காங்க. அது ஒண்ணைக்கூடத் தின்னல, பாவம்."

கருணாகரன் மெமோ புத்தகத்தைத் திறந்தபடியே நின்றார். அவர் ஃபைல் மனிதர். பொய் எழுதினான் என்று மெமோ கொடுக்கவேண்டுமானால் எழுதினது தப்பாக இருக்கவேண்டும்.

"அப்ப இவன் எழுதினது... சரியா?"

"இருந்ததுன்னு எழுதினதெல்லாம் சரி. அழிக்கப்பட்டதுன்னு எழுதினது மட்டும்தான், நல்லவேளை, பொய்."

கருணாகரன் மெமோ புத்தகத்தை மூடினார். "நம்ம ஆபீஸ்ல அதுக்கெல்லாம் யாருக்கும் மெமோ குடுத்ததில்லம்மா," என்றார் மெல்ல. கவிழ்ந்திருந்த லிஸ்டை நிமிர்த்தினார். நடுவில் எங்கேயோ 'டி. டில்லிபாபு' என்று இருந்தது.

டில்லிபாபு சுவரில் சாய்ந்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தான். அப்புறம்தான் கணக்கு இடித்தது.

"நாப்பத்தியொண்ணா? நாப்பத்திரெண்டு கார்டு ஆச்சே மேடம். எந்த எடத்துல இல்ல?"

மோகனப்ரியா கார்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"சாம்பல் கொட்டற எடமா? உர கம்பெனி செவுரா?"

"அது... அப்புறம் பேசலாம்ணா."

"சார், நீங்க சொல்லுங்க."

கருணாகரன் ஃபேனைப் பார்த்தார். "பாக்கலாம்பா."

டில்லிபாபு மூலைக்குப் போனான். "பாய், ஒரு வாரமா எவனும் எனக்கு நேரா ஒரு பதில் சொல்லல. நீயாவது சொல்லு."

ரஹீம் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். கையிலிருந்த பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே தண்ணீரில் குட்டிக் குட்டிப் புழுக்கள் தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தன.

"மொத கார்டுதான் நைனா, உன் வூடு. அங்க நீ பாத்தது சிக்குன்குனியா கொசு. ஊட்டுக்குப் போயி டிரம்மை மூடிட்டு, அந்த அக்காவ ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போ."